தவளையும் கைப்பிடியும் டர்போ பாயும்

ஓசூரில் உட்காரவே உட்காராத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது டர்போ பாய்தான். அவர் பட்டறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. மூன்றும் வருகிறவர்களுக்கு. அவர் நடந்துகொண்டே டீ குடிப்பார், நடந்துகொண்டே பேப்பர் படிப்பார். செல்போனில் பேசும்போது பட்டறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடையோ நடை. ரப்பர் செருப்பின் சரக் சரக் சத்தத்தைத் தாண்டித்தான் அவர் சொல்வது நம் காதில் விழும். கிருஷ்ணகிரிக்குப் போனால் காலி பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண்டக்டர்கள் முதலில் கெஞ்சுவார்கள், பிறகு மிரட்டுவார்கள், சூளகிரி வருவதற்குள் விட்டுவிடுவார்கள்.

அவருடைய கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடியிருக்கிறார்கள். அவரோ, பெண் வீட்டார் வந்த வேனின் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாராம். இதை எனக்குச் சொன்னவர் அவர் மனைவி. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "புதுச் சட்ட முழுக்க கிரீஸ் தம்பி. அந்த போட்டோவ இன்னி வரைக்கும் யாருக்கும் காட்டுனதில்ல" என்று சொல்லிவிட்டு, கையோடு எடுத்துக் காட்டவும் செய்தார்.

நான் அப்போது ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். மற்றவர்கள் செய்ததை அளந்து பார்த்து, சரியில்லை என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்குவது என் உத்தியோகம். பாகலூர் ரோட்டில் பாயின் பட்டறைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்கவேண்டியவன், ஐந்து வருடம் தூங்காமல் கீழே பாயோடு நடந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அவரோடு பேசவேண்டுமென்றால் கூடவே நடந்தாக வேண்டும்.

பாயின் தொழில் டர்போ ரிப்பேர். லாரி, டிப்பர், வேன் எதுவானாலும் அதன் டர்போவைக் கழற்றி, தேய்ந்ததை மாற்றிப் பூட்டித் தருவார். டர்போ என்றால் என்ன என்று முதல் நாளே கேட்டுவைத்தேன்.

"எஞ்சின் வெளிய துப்பற பொகைய சும்மா போவ வுடாம, கழுத்தப் புடிச்சி ஒரு சக்கரத்த சுத்த வெக்கறது. அந்தச் சக்கரம் காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். வண்டி பிச்சிகிட்டு போவும். அவ்ளோதான்" என்றார். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணுத்துக்கும் ஆவாததுகிட்ட வேல வாங்கறது தம்பி. உன் கம்பெனியில உன்கிட்ட வாங்கறாங்களே, அந்த மாதிரி."

பட்டறைச் சுவரில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தன. இரண்டும் டர்போ வைத்த அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள். ஒன்று ஜெர்மன்காரன் செய்த சிவப்பு வண்டி. எஞ்சின் பின்னால் இருக்கும், முன்னால் இரண்டு உருண்டை விளக்குகள் முழித்துப் பார்க்கும். தெருவில் அதற்கு வைத்த பெயர் தவளை. இன்னொன்று ஜப்பான்காரன் செய்த வெள்ளை வண்டி. அதன் டிக்கி மேல் வளைவாக ஒரு இறக்கை, பெட்டியைத் தூக்குவதற்கு வைத்தது போல இருக்கும். ஆகவே அது கைப்பிடி.

பாய் பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஒரு அரபிக்காரரின் கராஜில் வேலை பார்த்தவர். அங்கே இந்த இரண்டு வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டையும் கழற்றியிருக்கிறார், பூட்டியிருக்கிறார், கழுவித் துடைத்திருக்கிறார். ஓட்டியதில்லை. சாவி அரபிக்காரரின் மகன்களிடம் இருக்கும். பாய்க்குக் கிடைத்ததெல்லாம் கராஜ் வாசல் வரை, முதல் கியரில், பத்தடி தூரம்.

ஊருக்குத் திரும்பி இருபது வருடம் ஆகியும் அந்தப் பத்தடி அவரை விடவில்லை. ஜெர்மனா ஜப்பானா, எது பெரிய வண்டி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஓட்டிப் பாக்காம தீர்ப்பு சொல்றது பாவம். ரெண்டையும் ஒரே நாள், ஒரே ரோடு, நான் ஓட்டணும். அப்பறம் கேளு, சொல்றேன்." ஓட்டாமலேயே ஆயுசு முடிந்துவிடுமோ என்கிற பயம்தான் இந்த மனிதரை உட்காரவிடாமல் விரட்டுகிறது என்பார் அக்கா. வேடிக்கையாகச் சொன்னாலும் அவர் முகத்தில் வேடிக்கை இருக்காது.

தீர்ப்பு வராத ஊரில் கட்சிகளுக்குக் குறைவிருக்குமா? எதிரே முனியப்பா டீக்கடை. முனியப்பாவுக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அவர் ஜப்பான் கட்சித் தலைவர். எதிர்க்கட்சியில் ஆள் குறைந்ததால் என்னை ஜெர்மனியில் சேர்த்துவிட்டார்கள். இத்தனைக்கும் நாங்கள் யாரும் அந்த வண்டிகளைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

பாய் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நடந்துகொண்டே விளக்குவார். "தவளைக்கு ஒரே டர்போ, பெருசு. ஆக்சிலேட்டர அமுக்குனா ஒடனே ஒண்ணும் ஆவாது. ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணலாம். தூங்கிடுச்சான்னு நெனப்ப. அப்பறம் குடுக்கும் பாரு ஒரு ஒத! நீ சீட்டுல இருப்ப, உசிரு பின்னாடி ரோட்டுல கெடக்கும். கைப்பிடிக்கு ரெண்டு டர்போ. மொதல்ல சின்னது வந்து, இரு, அண்ணன் வர்றான்னு சொல்லும். அப்பறம் பெருசு வரும்."

"ஓட்டவே இல்லங்கற. உசிரு எங்க கெடக்கும்னு உனக்கு எப்புடி பாய் தெரியும்?" என்று மடக்கினார் முனியப்பா.

"ஓட்டிட்டு எறங்குனவன் மூஞ்சியப் பாத்திருக்கேன்யா!"

மனிதர்களையும் அவர் இந்த இரண்டு கட்சியாகத்தான் பிரித்தார். எங்கள் வார்டு கவுன்சிலர் தவளை. சாக்கடை அடைத்துக்கொண்டது என்று மனு கொடுத்தால் மூன்று மாதம் ஆள் வராது, ஒருநாள் திடீரென்று வந்து தெரு முழுக்கத் தோண்டிப்போட்டுவிடுவார்கள். என் மேனேஜர் கைப்பிடி. முதலில் சூப்பர்வைசர் வந்து மெதுவாகத் திட்டுவார், பிறகு மேனேஜரே வந்து பலமாகத் திட்டுவார்.

"உங்க அக்காவும் கைப்பிடிதான். மொத டர்போ எனக்கு மட்டும் கேக்கும். ரெண்டாவது முனியப்பா கட வரைக்கும் கேக்கும்" என்றார் ஒருநாள்.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்ப நீங்க என்னா வண்டியாம்?"

"நான் வண்டி இல்ல, மெக்கானிக்!"

"மெக்கானிக்குன்னா மொதல்ல மிக்ஸிய வந்து பாருங்க. மூணு நாளா அம்மியில அரைக்கறேன்."

இது முதல் டர்போ. இரண்டாவது வருவதற்குள் பாய் மிக்ஸியை நோக்கி நடந்துவிட்டார்.

அவருடைய சட்டங்கள் இரண்டு. முதல் சட்டம், ரெண்டு நிமிஷம் ஐடில். டர்போ வண்டியை ஓட்டிவந்து நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது, இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும், உள்ளே கொதித்துக்கொண்டிருப்பது ஆறட்டும் என்பார். நியாயமான தொழில் விதிதான். ஆனால் பாய் அதை மொபெட்டுக்கும் சொன்னார், தெருமுனைக் கரும்பு ஜூஸ் மிஷினுக்கும் சொன்னார். "ஆஃப் பண்ணாத, ஆஃப் பண்ணாத!" என்று ஓடிவருவதைப் பார்த்து விலாசம் கேட்க நிறுத்தியவர்கள் கேட்காமலே போயிருக்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்குள் போகும்முன் வாசற்படியில் இரண்டு நிமிடம் நிற்பார். "ஆறிடுச்சு, உள்ள வாங்க" என்று அக்கா கூப்பிட வேண்டும். போனில் பேசி முடித்தாலும் நம்மை வைக்க விடமாட்டார். "இரு, வெக்காத" என்பார். அப்புறம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு வார்த்தை வராது, செருப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். எனக்கு இருந்த அவசரத்தில் நான் பலமுறை பாதியிலேயே வைத்துவிட்டிருக்கிறேன்.

இரண்டாவது சட்டத்தைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எழுதிவைத்திருந்தார். புதிதாகப் பூட்டிய டர்போவை ஐநூறு கிலோமீட்டர் வரை அமுக்காதே. மெதுவாக ஓட்டினால்தான் உள்ளே ஒன்றோடொன்று பழகும் என்பது அவர் கணக்கு. அதை மீறுகிறவர்களை அவர் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை.

ஒருமுறை தக்காளி ஏற்றிய லாரி ஒன்று பட்டறையிலிருந்து கிளம்பிய ஜோரில் சீறிக்கொண்டு போனது. சத்தத்தைக் கேட்டதும் பாய் மொபெட்டை எடுத்தார். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். மொபெட் லாரியைப் பிடிக்குமா? பிடிக்காது. ஆனால் டிரைவர் சூளகிரியில் டீ குடிக்க நிறுத்தியிருந்தார். நாங்கள் அரைமணி கழித்துப் போய்ச் சேர்ந்தோம். பாய் மொபெட்டை நிறுத்தி, இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, அணைத்து, ஸ்டாண்டு போட்டுவிட்டு அதற்குப் பிறகுதான் திட்ட ஆரம்பித்தார். டிரைவரும் பெரிய மனுஷர். அந்த இரண்டு நிமிடமும் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு திட்டு வரட்டும் என்று காத்திருந்தார். பிறகு கிருஷ்ணகிரி வரை மொபெட் முன்னால், லாரி பின்னால். தக்காளி அன்றைக்கு நன்றாகப் பழுத்து மார்க்கெட் போய்ச் சேர்ந்தது.

இப்படியிருக்க, போன வருடம் மாம்பழ சீசன் முடிந்த சமயத்தில் ஒருநாள், காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைக்காரர் ஒருவர் பட்டறை வாசலில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு டிரக். அதன் மேல் தார்ப்பாய் போட்டு மூடிய வண்டி. தார்ப்பாய்க்கு வெளியே வளைவாக ஒரு இறக்கை தெரிந்தது.

முனியப்பா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "பாய்... கைப்பிடி!"

பழைய வண்டிகளின் மேல் பைத்தியமாம் கூழ்க்காரருக்கு. யாரிடமோ வாங்கியிருக்கிறார், நீலமாகப் புகை தள்ளுகிறது, டர்போ போய்விட்டது. அவருக்குப் பெங்களூரில் ஒரு சிநேகிதர், பல் டாக்டர். அவரிடம் ஒரு சிவப்புத் தவளை, அதுவும் அதே நோயில் கிடக்கிறது. மூன்றாம் நாள் அதுவும் எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டி டிரக்கில் வந்துவிட்டது. இருபது வருடமாகச் சுவரில் இருந்தவை தரையில் நின்றன. பாய் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். தொடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கூலி எவ்வளவு என்று கேட்டார்கள். "கூலி வாணாம்" என்றார் பாய். "வேல முடிஞ்சதும் ஒரே நாள், ஒரே ரோட்டுல, ரெண்டையும் நான் ஓட்டணும். நீங்க பக்கத்துலயே ஒக்காருங்க சார். ஒரு தரம், அவ்ளோதான்."

கூழ்க்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். யாருக்கும் இதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரியவில்லை. பாய்க்கே தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஐந்து வாரம் வேலை நடந்தது. அந்த ஐந்து வாரமும் லாரிக்காரர்களால் பாய் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு வண்டிகளையும் ஸ்டார்ட் செய்து காட்டிய அன்றைக்கு டாக்டர் கண்கலங்கி, வண்டியைப் பட்டறையிலேயே விட்டு, தவளையின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஞாயிறு காலை வருகிறேன் என்று போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கர்நாடக எல்லையில் பந்த். அந்தப் பக்க வண்டி இந்தப் பக்கம் வராது, இந்தப் பக்க வண்டி அந்தப் பக்கம் போகாது. டாக்டர் அத்திப்பள்ளியில் நின்றுகொண்டு போன் செய்தார்.

"நடந்து வந்துருங்க சார், நான் நம்ம பக்கம் சூசூவாடியில மொபெட்டோட நிக்கறேன்" என்றார் பாய்.

"ஏன் பாய், என் பல்லை உடைக்கறதுக்கா?" என்று வைத்துவிட்டார் டாக்டர். பாய் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மிச்சமிருந்த இரண்டு நிமிடத்தைத் தனியாக நடந்தார்.

அடுத்த ஞாயிறு வரையிலான ஏழு நாள் எப்படிப் போனதென்று அக்காவைத்தான் கேட்கவேண்டும். பாய் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஒரு நேர் ரோட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். முதல் நாளே போய்க் கல்லைப் பொறுக்கினார், மாட்டுக்காரர்களிடம் நேரம் சொல்லிவைத்தார், அணைத் தண்ணீரிலிருந்து கழிவு நுரை பறந்து ரோட்டில் விழுந்தால் தள்ளிவிடத் துடைப்பம் கட்டிவைத்தார். "என்னக் கட்டிக்க வர்றப்ப இதுல கால்வாசி பரபரப்பு இருந்துச்சான்னு கேளு தம்பி" என்றார் அக்கா. கேட்காமல் இருப்பது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

விடிந்ததும் எல்லோரும் ஆஜர். முனியப்பா கடைக்கு லீவு விட்டுவிட்டு பிளாஸ்க்கோடு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு இருபது பேர், பாதி ஜப்பான், பாதி ஜெர்மன். பாய் வெளுத்த சட்டை போட்டு, அத்தர் பூசி வந்திருந்தார். பிஸ்மில்லா சொல்லி முதலில் கைப்பிடியில் ஏறினார். கூழ்க்காரர் பெருந்தன்மையாக, "நீங்க போய் உக்காருங்க" என்று பக்கத்து சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

வண்டி நகர்ந்தது. இரண்டாவது கியர். மூன்றாவது கியர். ஸ்பீடாமீட்டர் முள் நாற்பதில் நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கையைப் பிடித்துக்கொண்டேன், இதோ சின்ன டர்போ வரும், அண்ணன் பின்னால் வருவான் என்று. யாரும் வரவில்லை. முள் நாற்பதிலேயே நின்றது. பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. போகும்போது அந்த ஆள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பாய், அமுக்குங்க."

"ம்."

"ரோடு காலியாத்தான் கெடக்குது பாய்."

"தெரியுது தம்பி."

அவருடைய வலது கால் நடுங்கியது. அதை நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். அப்படியே போய்த் திரும்பி வந்தோம். இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தார்.  கைப்பிடிக்கு இன்னும் மூடு வரவில்லை, தவளையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முனியப்பா கூட்டத்துக்குச் சமாதானம் சொன்னார்.

தவளையில் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் குழந்தைகளுக்கென்று வைத்த சீட்டில் என் முழங்காலை மடக்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான். மறுபடியும் நாற்பது. பாதி தூரம் போனதும் டாக்டருக்கே பொறுக்கவில்லை. "ஒத்ரி பாய், ஒத்ரி! அமுக்குங்க! என் வண்டி, நான் சொல்றேன்!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினார்.

பாய் வண்டியை ஓரம் கட்டினார். "ஆகல்ல சார்" என்றார். முடியாது என்று அதை அவ்வளவு மெதுவாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "இப்பதான் பூட்டுன டர்போ. இன்னும் பத்து கிலோமீட்டர் ஓடல. ஐநூறு ஓடணும்."

"அடப் போங்க பாய். ஓனர் நானே சொல்றேன்."

"ஓனர் நீங்க சார். டர்போ பூட்டுனது நானு."

அப்போதுதான் அந்த ஓட்டை எனக்குப் புரிந்தது. தன் கையால் பூட்டியதும் ஓட்டுகிறேன் என்று பேச்சு பேசியவர், தன் கையால் பூட்டியதை உடனே அமுக்கக் கூடாது என்று மூன்று மொழியில் சுவரில் எழுதியவர். இரண்டும் ஒரே ஆள். ரோட்டில் ஏறி, கால் அமுக்கப் போன பிறகுதான் அவருக்கே அது உறைத்திருக்கிறது.

நாங்கள் திரும்பியதும் நடந்ததை டாக்டர் சொன்னார். முனியப்பா பிளாஸ்க்கை டொம்மென்று வைத்தார். "இருவது வருசமா வாய் கிழியப் பேசிட்டு நாப்பதுல ஓட்டறியே பாய்! எங்க மாமியா மொபெட்டுல இதுக்கு மேல போவா!" இருபது பேரும் சிரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். அன்று சாயங்காலத்துக்குள் டர்போ பாய் என்ற பெயர் போய் நாப்பது பாய் என்றாகிவிட்டது. வண்டிகள் இரண்டும் ஓனர்களோடு அவரவர் ஊருக்குப் போய்விட்டன.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தேன். பட்டறை திறந்திருந்தது, நடைச் சத்தம் இல்லை. உள்ளே எட்டிப்பார்த்தால், வாடிக்கையாளர் நாற்காலியில் பாய் உட்கார்ந்திருந்தார். எதையும் பார்க்காமல், முட்டியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன்.

"வருத்தமா பாய்?"

"ஆசையா இருந்துச்சு தம்பி" என்றார். "ரொம்ப ஆசையா இருந்துச்சு. கால் கேக்கல."

சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க எனக்கென்ன யோக்கியதை? என் உத்தியோகத்தில் அவசரம் என்று மேலிடம் சொன்னால், அளவு தப்பிய பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று அனுப்பியிருக்கிறேன். என் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. அதை நினைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் சும்மா இருந்தேன். சரியாக இரண்டு நிமிடம் இருக்கும். பாய் எழுந்தார். "செரி, ஆறிடுச்சு. டிப்பர் ஒண்ணு நிக்குது, பாப்போம்" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது ஐநூறின் கதை. இரண்டு ஓனர்களிடமும் சத்தியம் வாங்கிவிட்டார். மெதுவாக ஓட்டி ஐநூறை முடியுங்கள், அப்புறம் ஒருநாள் எனக்கு என்று. வாராவாரம் போன் போட்டுக் கிலோமீட்டர் கேட்பார். கூழ்க்காரர் ஞாயிறு தோறும் தர்மபுரி வரை போய்வந்து சீக்கிரமே முடித்துவிட்டார். டாக்டருக்கு வாய்த்தது பெங்களூர் டிராபிக். "இந்த வாரம் எவ்ளோ சார்?" என்பார் பாய். "ஒம்போது கிலோமீட்டர் பாய். ஏழு மணி நேரம்" என்பார் டாக்டர். கைப்பிடியை மட்டுமாவது ஓட்டிப்பாருங்கள் என்று முனியப்பாவே இறங்கிவந்து சொன்னார். ஒரே நாள், ஒரே ரோடு என்று பாய் மறுத்துவிட்டார்.

இதற்கிடையில் கம்பெனி என்னைச் சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு மாற்றிவிட்டது. இங்கே வந்து ஏழு மாதமாகிறது. பாய் வாரம் தவறாமல் கூப்பிடுவார், தவளையின் கிலோமீட்டரைச் சொல்வார், இரு வெக்காத என்பார், நடப்பார். நான் இப்போதெல்லாம் பாதியில் வைப்பதில்லை.

நேற்றுக் கூப்பிட்டார். "தம்பி, தவள ஐநூறு முடிஞ்சிருச்சி! ரெண்டு வண்டியும் பட்டறை வாசல்லதான் நிக்குது. முனியப்பா கடைக்குக் கூட்டம் தாங்கல."

"அப்ப இன்னிக்கே அமுக்கிட்டீங்களா? எது பாய் பெருசு? சீக்கிரம் சொல்லுங்க!"

"எப்புடி அமுக்குவேன்? நீ வரலயே."

"நான் எதுக்கு பாய்?"

"அன்னிக்கு என் காலு நடுங்குனத பாத்தவன் நீ ஒருத்தன்தான். போயி முனியப்பாகிட்டயும் சொல்லல. அதனால நீ பக்கத்துல இருக்கறப்பதான் அமுக்கறது. ஞாயித்துக்கெழம வந்துரு." கொஞ்சம் நிறுத்தி, "இரு, வெக்காத" என்றார்.

நான் வைக்கவில்லை. காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எதிர்க்கடையில் முனியப்பா யாரையோ கன்னடத்தில் திட்டுவது கேட்டது, லாரி ஒன்று ஐடிலில் ஓடுவது கேட்டது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. அந்த இரண்டு நிமிடமும் பாய் நடக்காமல் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார்.

ஓசூர் பஸ்ஸுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. என்னால் உட்கார முடியவில்லை. இதையும் நடந்து நடந்துதான் எழுதியிருக்கிறேன்.